தீசிஸ் எழுதும் டாக்டருக்கு: ஆய்வில் நடந்ததை நடந்தபடி எழுத ஒரு முழு வழிகாட்டி

மூன்று வருடங்களுக்கு முன் சர்ஜரி பிஜி மாணவி ஒருவர் தன் தீசிஸ் டேட்டாவோடு என்னிடம் வந்தார். சர்க்கரை நோயால் காலில் புண் வந்தவர்களில் பாதிப் பேருக்கு வழக்கமான டிரெஸ்ஸிங், மீதிப் பேருக்குப் புது வகை டிரெஸ்ஸிங், எதில் புண் சீக்கிரம் ஆறுகிறது என்பது கேள்வி. மாஸ்டர் சார்ட்டில், அதாவது எல்லா நோயாளிகளின் விவரமும் அடங்கிய டேபிளில், குழுவுக்கு 30 பேர், மொத்தம் 60, ஒரு கட்டம்கூடக் காலியில்லை. புள்ளிவிவர வேலை பார்க்கிறவனுக்கு இவ்வளவு சுத்தமான சார்ட்டைப் பார்த்தால் கொஞ்சம் பயம்தான் வரும். "வார்டில் எழுதி வைத்த நோட்டு இருக்கிறதா?" என்று கேட்டேன். இருந்தது, கொண்டு வந்தார். அதில் 71 பெயர்கள்.

மீதி 11 பேர்? ஐந்து பேர் சொல்லாமல் வீட்டுக்குப் போனவர்கள், இரண்டு பேர் வேறு ஆஸ்பத்திரிக்கு மாறியவர்கள். நாலு பேருக்குக் காலையே எடுக்க வேண்டி வந்திருக்கிறது. "அவங்களுக்குப் புண் ஆறுன நாள்னு எதுவுமே போட முடியல சார், அதான் எடுத்துட்டேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, ஏமாற்றவும் நினைக்கவில்லை. சார்ட்டில் அந்த நாலு பேருக்கு இடம் இல்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த நாலு பேரில் மூன்று பேர் புது டிரெஸ்ஸிங் குழுவில் இருந்தவர்கள். அதை எழுதாமல் விட்டிருந்தால், அந்தத் தீசிஸைப் படித்துவிட்டு வேறு ஊரில் ஒரு டாக்டர் அதே டிரெஸ்ஸிங்கை நம்பிப் போட்டிருப்பார்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். எம்.டி, எம்.எஸ் படிக்கிறவர்கள், முதல் பேப்பர் எழுதுகிறவர்கள், அவர்களுக்குக் கைடாக இருப்பவர்கள், எல்லோருக்கும். நான் திரும்பத் திரும்பச் சொல்லப் போவது ஒன்றுதான்: உங்கள் ஆய்வுக்குள் வந்த ஒவ்வொரு நோயாளிக்கும் உங்கள் பேப்பரில் ஒரு கணக்கு இருக்க வேண்டும்.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும்

1980-ல் பிரிட்டனில் மாரடைப்பு வந்தவர்களுக்கு லார்கெய்னைட் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். இதயத் துடிப்பு தாறுமாறாவதை அடக்கும் மருந்து அது. நூறு பேருக்கும் குறைவான சின்ன ஆய்வு. மருந்து சாப்பிட்டவர்களில் 9 பேர் இறந்தார்கள், போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் ஒருவர். தற்செயலாக இருக்கும் என்று அப்போது நினைத்தார்கள். மருந்தை உருவாக்கும் வேலை வியாபாரக் காரணத்தால் நின்றுபோக, ஆய்வும் வெளிவராமல் அப்படியே கிடந்தது. 1993-ல்தான் அவர்களே அதை வெளியிட்டு, முன்பே வெளியிட்டிருந்தால் அது ஓர் எச்சரிக்கையாக இருந்திருக்கும் என்று எழுதினார்கள். இடைப்பட்ட வருடங்களில் அதே வகை மருந்துகளை ஏராளமானவர்களுக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. 1989-ல் காஸ்ட் என்ற பெரிய ஆய்வில், இந்த வகையைச் சேர்ந்த இரண்டு மருந்துகள் உயிரைக் காப்பதற்குப் பதில் மரணத்தைக் கூட்டுகின்றன என்று தெரிந்து பாதியில் நிறுத்தினார்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: முதல் நோயாளி வருவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள்

நல்ல ரிப்போர்ட் எழுதுவது ப்ரோட்டோகால், அதாவது ஆய்வுத் திட்டம், எழுதும்போதே தொடங்கிவிடுகிறது. முதன்மை விளைவு, அதாவது பிரைமரி அவுட்கம், ஒன்றே ஒன்று வையுங்கள். அதில் நாலு விஷயம் தெளிவாக இருக்கட்டும்: எதை அளக்கிறீர்கள், எதைக் கொண்டு அளக்கிறீர்கள், எந்த நாளில் அளக்கிறீர்கள், எப்படிச் சுருக்கிச் சொல்லப் போகிறீர்கள். "வலி குறைதல்" என்று எழுதினால் போதாது. "ஆபரேஷன் முடிந்து 24 மணி நேரத்தில், 0 முதல் 10 வரையான வலி அளவுகோலில் நோயாளி சொல்லும் எண், இரு குழுக்களின் சராசரி வித்தியாசம்" என்று எழுத வேண்டும். இவ்வளவு இறுக்கமாக எழுதாவிட்டால் 6 மணி, 12 மணி, 24 மணி, 48 மணி என்று நாலு தடவை அளந்து, கடைசியில் எதில் வித்தியாசம் வந்ததோ அதைத் தலைப்பில் போடும் ஆசை யாருக்கும் வரும், எனக்கும் வரும்.

சாம்பிள் சைஸ், அதாவது எத்தனை பேரைச் சேர்ப்பது என்ற எண், எப்படி வந்தது என்பதையும் அப்போதே எழுதி வையுங்கள். எவ்வளவு வித்தியாசத்தை எதிர்பார்த்தீர்கள், அந்த எண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று இரண்டு வரி. "போன பேட்ச் 60 எடுத்தார்கள், நானும் 60" என்பது காரணம் ஆகாது.

படி 2: சி.டி.ஆர்.ஐ பதிவு

இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ 2007 ஜூலையில் தொடங்கியது. டெல்லியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்) நடத்துகிறது, பதிவுக்குக் கட்டணம் கிடையாது. 2018 ஏப்ரல் 1 முதல், ஆய்வு தொடங்குவதற்கு முன் வரும் பதிவை மட்டுமே ஏற்கிறார்கள். அதாவது 20 பேரைச் சேர்த்த பிறகு ஞாபகம் வந்து ஓடினால் ஒன்றும் செய்ய முடியாது. உலக அளவில் பெரிய ஜர்னல் ஆசிரியர்களின் குழுவான ஐ.சி.எம்.ஜே.இ, முன்பதிவு இல்லாத ட்ரயலை, அதாவது சிகிச்சையைக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வை, வெளியிடமாட்டோம் என்று 2004-லேயே அறிவித்துவிட்டது.

எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் கடிதம் கைக்கு வந்த அன்றே ஸ்கேன் செய்து பதிவைத் தொடங்குங்கள். படிவத்தில் பிஜி தீசிஸ்தானா என்று கேட்பதற்கே ஓர் இடம் உண்டு. படிவத்தை அனுப்பியதும் வரும் ரெஃபரன்ஸ் எண்ணைப் பதிவு எண் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கிருப்பவர்கள் படித்துக் கேள்வி கேட்பார்கள், பதில் சொல்லித் திருத்தி அனுப்ப வேண்டும், அப்புறம்தான் வருடமும் மாதமும் அடங்கிய சி.டி.ஆர்.ஐ எண் கிடைக்கும். அதற்கு நாள் பிடிக்கும், அந்த நாட்களையும் கணக்கில் வைத்துத்தான் முதல் நோயாளியைச் சேர்க்கும் தேதியைப் போட வேண்டும். முதன்மை விளைவு என்ற இடத்தில் ப்ரோட்டோகாலில் எழுதியதை வார்த்தை மாறாமல் போடுங்கள். பிற்பாடு யார் சரிபார்த்தாலும் அந்த ஒரு கட்டத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

படி 3: உங்கள் ஆய்வுக்குரிய செக்லிஸ்ட்

டக் ஆல்ட்மன் என்ற பிரிட்டிஷ் புள்ளியியல் நிபுணர் ஆய்வுகளை ஒழுங்காகச் செய்து எழுத வேண்டும் என்பதற்காகவே உழைத்தார், 2018-ல் காலமானார். அவரும் சகாக்களும் சேர்ந்து 2008-ல் தொடங்கியது ஈக்வேட்டர் நெட்வொர்க். எந்த வகை ஆய்வுக்கு எந்தச் செக்லிஸ்ட் என்று அதன் தளத்தில் எல்லாமே இலவசமாகக் கிடைக்கிறது. ராண்டம் முறையில், அதாவது யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கல் போலத் தற்செயலுக்கு விட்டு, குழு பிரித்த ட்ரயல் என்றால் கன்சார்ட்: 1996-ல் முதலில் வந்தது, 2025-ல் புதுப்பித்திருக்கிறார்கள், இப்போது 30 அம்சங்கள். வெறுமனே கவனித்துப் பதிவு செய்யும் கோஹார்ட், கேஸ் கன்ட்ரோல், கிராஸ் செக்‌ஷனல் ஆய்வுகளுக்கு ஸ்ட்ரோப், 22 அம்சங்கள். ஏற்கனவே வந்த ஆய்வுகளைத் திரட்டும் சிஸ்டமேட்டிக் ரிவ்யூவுக்கு பிரிஸ்மா, 27. ஒரு டெஸ்ட் எவ்வளவு துல்லியமாக நோயைக் கண்டுபிடிக்கிறது என்றால் ஸ்டார்ட். கேஸ் ரிப்போர்ட்டுக்கு கேர். ப்ரோட்டோகால் எழுதுவதற்கே ஸ்பிரிட் என்று ஒன்று இருக்கிறது.

பெரும்பாலானவர்கள் ஜர்னல் கேட்கிறதே என்று சப்மிட் செய்யும் நாளில் செக்லிஸ்டைத் திறந்து, பக்க எண்களைப் போட்டு அனுப்புகிறார்கள். அப்போது திறந்து பிரயோஜனமே இல்லை. சேர்க்கவே சேர்க்காத தகவலை அன்றைக்கு எங்கே போய்த் தேடுவது? ப்ரோட்டோகால் எழுதும் வாரத்திலேயே அச்செடுத்து, நோயாளி விவரம் எழுதும் படிவமான ப்ரொஃபார்மாவோடு சேர்த்துப் பின் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஸ்க்ரீனிங் நோட்டு

என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான படி இதுதான், இதற்குத் தேவை ஒரு நீளமான கணக்கு நோட்டு மட்டும். ஓபியிலோ வார்டிலோ உங்கள் ஆய்வுக்குத் தகுதி உண்டா என்று நீங்கள் பார்த்த ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: வரிசை எண், தேதி, தகுதி உண்டா இல்லையா, இல்லையென்றால் ஏன், தகுதி இருந்தும் சேரவில்லை என்றால் ஏன், சேர்ந்தால் எந்தக் குழு, சிகிச்சை முழுதாகப் பெற்றாரா, கடைசி ஃபாலோ அப் எப்போது, வரவில்லை என்றால் என்ன ஆனது. டூட்டி முடிந்து களைத்துப் போன இரவிலும் அன்றைய வரிகளை அன்றே எழுதிவிடுங்கள், ஏனென்றால் ஒரு வாரம் கழித்து "அந்த 52 வயது அம்மா ஏன் சேரவில்லை" என்பது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இந்த நோட்டுதான் பிற்பாடு உங்கள் ஃப்ளோ டயகிராம். மேலே பரிசீலித்தவர்கள் எத்தனை பேர், பக்கத்தில் விலக்கியவர்கள் காரணத்தோடு, கீழே ஒவ்வொரு குழுவுக்கும் ஒதுக்கியவர்கள், விட்டுப் போனவர்கள், கடைசியில் கணக்கில் எடுத்தவர்கள். மேலிருந்து கீழே கூட்டிக் கழித்தால் ஒரு ஆள்கூட உதைக்கக் கூடாது.

அந்த மாணவி என்ன செய்தார் என்று சொல்கிறேன். 71 பேரையும் ஒதுக்கப்பட்ட குழுவிலேயே திரும்ப வைத்தோம். கால் எடுத்தவர்களை "12 வாரத்தில் ஆறவில்லை" என்று கணக்கிட்டு, தனியாகவும் எழுதினோம். சொல்லாமல் போன ஐந்து பேரில் மூன்று பேரைப் போனில் பிடித்தார். ரிசல்ட்டில் இருந்த பெரிய வித்தியாசம் சின்ன வித்தியாசமாகிவிட்டது, அவருக்கு அழுகை வராத குறை. வாய்மொழித் தேர்வான வைவாவில் எக்ஸாமினர் முதலில் திறந்தது அந்த ஃப்ளோ டயகிராம் பக்கத்தைத்தான், அதைப் பற்றித்தான் நெடுநேரம் பேசினாராம்.

படி 5: மெதட்ஸ், அங்கே இல்லாத ஒருவருக்காக

நம்மூரிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், இன்றைக்கு சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது, 193 நோயாளிகளை ராண்டம் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவை சானடோரியம் என்ற காசநோய் ஆஸ்பத்திரியிலும் மற்றதை வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தது. 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் வந்த அந்த ரிப்போர்ட் தொண்ணூறு பக்கத்துக்கும் மேல். வீட்டில் இருந்தவர்கள் எவ்வளவு நெருக்கடியான இடத்தில் வாழ்ந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், மாத்திரையை உண்மையிலேயே விழுங்கினார்களா என்று முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குப் போய் எண்ணியது, சிறுநீரைச் சோதித்தது என்று எல்லாம் அதில் உண்டு. அவ்வளவையும் எழுதி வைத்ததால்தான், வீட்டில் வைத்தே காசநோயைக் குணமாக்கலாம் என்பதை மற்ற நாடுகளாலும் நம்ப முடிந்தது.

உங்களுக்குத் தொண்ணூறு பக்கம் கிடைக்காது. ஆனால் சில இடங்களில் ஒரு வரிகூடக் குறைக்காதீர்கள். ராண்டம் எண்கள் எப்படி வந்தன, கம்ப்யூட்டரிலா டேபிளிலா? அந்த வரிசை யார் கையில் இருந்தது? அடுத்து வரும் நோயாளி எந்தக் குழு என்பது, அவரைச் சேர்க்கும் டாக்டருக்கு முன்கூட்டியே தெரிய வாய்ப்பு இருந்ததா? உள்ளே இருப்பது வெளியே தெரியாத, எண் போட்டு ஒட்டிய கவர் என்றால் அப்படியே எழுதுங்கள். ஐபி நம்பர், அதாவது உள்நோயாளி எண், ஒற்றைப்படை என்றால் இது, இரட்டைப்படை என்றால் அது என்று பிரித்திருந்தால் அது ராண்டம் இல்லை. தயவுசெய்து அதை ராண்டம் என்று எழுதாதீர்கள், செய்ததைச் செய்தபடி எழுதுங்கள்.

பிளைண்டிங், அதாவது யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை மறைப்பது, பற்றி "டபுள் பிளைண்ட்" என்ற இரண்டு வார்த்தையோடு நிறுத்தவும் கூடாது. யாருக்குத் தெரியாது? நோயாளிக்கா, ஊசி போட்டவருக்கா, அளந்தவருக்கா, கணக்குப் போட்டவருக்கா?

அப்புறம் சிகிச்சை விவரம். மருந்து இல்லாத சிகிச்சைகளில், அதாவது உடற்பயிற்சி, கவுன்சலிங் போன்றவற்றில், இது பரிதாபமாக இருக்கிறது. இப்படிப்பட்ட 137 சிகிச்சைகளைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2013-ல் வந்தது. பேப்பரை மட்டும் வைத்துக்கொண்டு திரும்பச் செய்யக்கூடிய அளவுக்கு விவரம் இருந்தது 39 சதவீதத்தில்தான். "பிசியோதெரபி கொடுக்கப்பட்டது" என்று எழுதினால் இன்னொருவர் என்ன செய்ய முடியும்? எந்தப் பயிற்சி, எத்தனை நிமிடம், வாரத்துக்கு எத்தனை நாள், யார் சொல்லிக் கொடுத்தது, வீட்டிலா டிபார்ட்மென்ட்டிலா, எத்தனை பேர் கடைசி வரை செய்தார்கள்? எழுதி முடித்ததும் மெதட்ஸ் பகுதியை மட்டும் வேறு டிபார்ட்மென்ட் ஹவுஸ் சர்ஜன் ஒருவரிடம் கொடுத்து, "நாளைக்கு இதை நீ செய்யணும்னா என்ன கேட்ப?" என்று கேளுங்கள். அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் விட்டுப்போன ஒரு வரி.

படி 6: ரிசல்ட்

சதவீதம் எழுதும் இடத்திலெல்லாம் எத்தனையில் எத்தனை என்று சேர்த்தே எழுதுங்கள். ஒரு சின்னக் கணக்கு: குழுவுக்கு 30 பேர், பழைய முறையில் 6 பேருக்குத் தொற்று, புது முறையில் 3 பேருக்கு. "தொற்று 50% குறைந்தது" என்று எழுதலாம், அது பொய்யில்லை. ஆனால் 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்கு இறங்கியிருக்கிறது, வித்தியாசம் 10 புள்ளி, ஆட்கள் கணக்கில் 3 பேர். 95% நம்பிக்கை இடைவெளியை, அதாவது உண்மையான வித்தியாசம் எந்த எல்லைக்குள் இருக்கக்கூடும் என்ற கணக்கைப் போட்டால், புது முறையால் தொற்று 28 புள்ளி குறைந்தும் இருக்கலாம், 8 புள்ளி கூடியும் இருக்கலாம் என்று வருகிறது. இப்போது படிக்கிறவருக்கு உங்கள் ஆய்வு எவ்வளவு சொல்கிறது, எவ்வளவு சொல்லவில்லை என்று புரிகிறது. உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இந்த அளவு வித்தியாசம் வர எவ்வளவு வாய்ப்பு என்று காட்டும் வெறும் பி வேல்யூவால் இதைச் சொல்ல முடியாது.

பி வேல்யூ கொடுக்கும்போது "பி < 0.05" என்று வேலி கட்டாமல் அசல் எண்ணைக் கொடுங்கள். ராண்டம் செய்த ட்ரயலின் முதல் டேபிளில், வயது, பால், சர்க்கரை அளவு போன்றவற்றுக்குப் பக்கத்தில் பி வேல்யூ போடத் தேவையே இல்லை. கைடு கேட்டால் கன்சார்ட்டைக் காட்டுங்கள், அதில் தெளிவாக இருக்கிறது. சராசரிக்குப் பக்கத்தில், ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் திட்ட விலக்கம் போடுங்கள். சின்னதாகத் தெரிகிறதே என்று, சராசரி எவ்வளவு துல்லியம் என்று மட்டும் சொல்லும் ஸ்டாண்டர்ட் எரர் போடாதீர்கள்.

பக்க விளைவுகளைக் குழுவாரியாக, எண்ணிக்கையோடு எழுதுங்கள். "குறிப்பிடத்தக்க பக்க விளைவுகள் இல்லை" என்றால் தேடிப் பார்த்து இல்லையா, தேடவே இல்லையா என்று தெரியாது.

படி 7: திட்டம் மாறினால் மாறியது என்று எழுதுங்கள்

ஆய்வு நடக்கும்போது திட்டம் மாறும். கருவி பழுதாகும், மருந்து ஸ்டாக் தீரும், நோயாளிகள் எதிர்பார்த்த அளவு வரமாட்டார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எது, எப்போது, ஏன் மாறியது, அதுவரை வந்த டேட்டாவைப் பார்த்த பிறகா முன்பா என்று நாலு வரி எழுதினால் போதும். சொல்லாமல் மாற்றுவதுதான் தப்பு. பிரிட்டிஷ் டாக்டர் பென் கோல்டேகரின் குழு காம்பேர் என்ற பெயரில், உலகின் தலைசிறந்த ஐந்து ஜர்னல்களில் வந்த 67 ட்ரயல்களைப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தது. குறையில்லாமல் இருந்தவை 9. அளப்போம் என்று சொல்லிவிட்டு எழுதாமல் விட்ட விளைவுகள் 354, சொல்லாமல் புதிதாக நுழைத்தவை 357. பெரிய ஜர்னல்களிலேயே இந்த நிலைமை.

இதன் மோசமான உதாரணம் பராக்ஸெட்டின் என்ற மன அழுத்த மருந்தைப் பதின்வயதினருக்குக் கொடுத்துப் பார்த்த ஸ்டடி 329. 2001-ல் வந்த பேப்பர் அந்த மருந்து பலன் தருகிறது, பாதுகாப்பானது என்றது. ஆனால் ப்ரோட்டோகாலில் முதன்மை என்று சொன்ன விளைவுகளில் போலி மாத்திரைக்கும் மருந்துக்கும் உறுதியான வித்தியாசம் இல்லை. 2015-ல் வேறு ஆய்வாளர்கள் அசல் டேட்டாவை வாங்கித் திரும்பக் கணக்குப் போட்டபோது, பலன் இல்லை, தற்கொலை எண்ணம் உள்ளிட்ட தீங்குகள் கூடுதல் என்று எழுதினார்கள். நடுவில் 14 வருடம்.

படி 8: அப்ஸ்ட்ராக்ட், முடிவுரை

பெரும்பாலான டாக்டர்கள் அப்ஸ்ட்ராக்ட் மட்டும்தான் படிக்கிறார்கள், ஓபிக்கு நடுவில் போனில் படிக்கிறார்கள். அதனால் முதன்மை விளைவின் எண்ணும், எத்தனை பேர் என்பதும், சி.டி.ஆர்.ஐ எண்ணும் அதிலேயே இருக்க வேண்டும். வித்தியாசம் இல்லை என்று வந்தால் "வித்தியாசம் காணப்படவில்லை" என்றே எழுதுங்கள். "சாதகமான போக்கு தெரிந்தது" என்று பூசி மெழுகாதீர்கள்.

மன அழுத்த மருந்துகளில் இந்தப் பூச்சு எவ்வளவு தூரம் போனது என்று 2008-ல் வெளிவந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் பதிவான 74 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தார்கள். துறை சாதகம் என்று முடிவு செய்த 38-ல் 37 ஜர்னலில் வந்துவிட்டன. மீதி 36-ல் 22 வெளிவரவே இல்லை, 11 சாதகமானது போல எழுதப்பட்டு வந்தன, உள்ளபடி வந்தவை மூன்றுதான். ஜர்னல் மட்டும் படித்து மருந்து எழுதிய டாக்டர் மேல் என்ன தப்பு சொல்ல முடியும்?

படி 9: பெயர்கள், பணம், டேட்டா

மருந்து, கிட், டிரெஸ்ஸிங் எதுவாவது கம்பெனி இலவசமாகக் கொடுத்திருந்தால் எழுதுங்கள். ஆசிரியர் பட்டியலில் வேலை செய்தவர்கள் மட்டும் வரட்டும். மரியாதைக்காகப் பெயர் சேர்க்கச் சொல்லி அழுத்தம் வரும், அது பிஜி மாணவருக்கு எவ்வளவு சிரமமான பேச்சு என்று எனக்குத் தெரியும். யார் என்ன செய்தார்கள் என்று ஒரு பத்தி கேட்கும் ஜர்னல்கள் இப்போது நிறைய, "சார், உங்க பங்குன்னு இந்த இடத்துல என்ன எழுதட்டும்?" என்று பணிவாகக் கேட்பது ஒரு வழி. எழுத ஏஐ உதவி எடுத்திருந்தால் அதையும் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

டேட்டாவை மற்றவர்கள் சரிபார்க்கும்படி கொடுக்க முடிந்தால் நல்லது. ஆனால் தீசிஸ் கடைசியில் இணைக்கும் மாஸ்டர் சார்ட்டைத் திறந்து பாருங்கள்: பெயர், ஐபி நம்பர், சில சமயம் போன் நம்பர்கூட. அந்தத் தீசிஸ் பிடிஎஃப்பாக எங்கெங்கோ சுற்றும். பெயருக்கும் ஐபி நம்பருக்கும் பதிலாக வரிசை எண் மட்டும் போட்டு, இரண்டையும் இணைக்கும் பட்டியலைத் தனியாகப் பூட்டி வையுங்கள்.

படி 10: தீசிஸ் முடிந்த பிறகு

ரிசல்ட் எப்படி வந்தாலும் பேப்பராக அனுப்புங்கள். வித்தியாசம் இல்லை என்று வந்தால் இன்னும் முக்கியம், இல்லாவிட்டால் அடுத்த வருடம் வேறு காலேஜில் வேறு 60 பேர் மேல் இதே ஆய்வு நடக்கும். பணம் வாங்கிக்கொண்டு நாலு நாளில் ஏற்கிற ஜர்னலுக்கு மட்டும் போகாதீர்கள், அங்கே உங்கள் மெதட்ஸை யாரும் படிப்பதே இல்லை. ஆய்வு முடிந்த தேதி, கடைசியில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை, பேப்பர் வந்த இடம் இவற்றை சி.டி.ஆர்.ஐ பதிவில் புதுப்பியுங்கள். படித்து முடித்து வேறு ஊருக்குப் போனதும் பலரும் விட்டுவிடும் வேலை இது, அதனால் லாகின் விவரத்தைக் கைடிடமும் கொடுத்து வையுங்கள்.

பேப்பர் வந்த பிறகு ஒரு எண் தப்பு என்று தெரிந்தால், அது டேபிளில் ஒரு கட்டமாக இருந்தாலும், ஜர்னல் ஆசிரியருக்கு மெயில் போடுங்கள். எந்தப் பக்கம், எந்த டேபிள், இருப்பது என்ன, இருக்க வேண்டியது என்ன, முடிவு அதனால் மாறுகிறதா என்று ஐந்து வரி. திருத்தம் என்ற தலைப்பில் அவர்கள் வெளியிடுவார்கள், அது உங்கள் பேப்பரோடு சேர்ந்தே இருக்கும். அந்த ஸ்க்ரீனிங் நோட்டை மட்டும் அதுவரை தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.